இரண்டு பிரேக், ஒரு கையெழுத்து

அத்தியாயம் 5

மதியம் ஒரு மணி. ஷிப்ட் முடிந்து சங்கு ஊத இன்னும் ஒன்றரை மணி நேரம். சங்கு ஊதியதும் அன்னமேரியைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள்.

ஓசூரிலிருந்து பாகலூர் போகிற ரோட்டில் இருந்தது அந்த வார்ப்பாலை. மினி லாரிகளுக்குப் பிரேக் டிரம் செய்கிற இடம். பத்து நாளைக்கு முன்னால் இங்கே செய்த டிரம் ஒன்று ஓடுகிற வண்டியில் பிளந்துவிட்டது. காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் வண்டி பாலத்துச் சுவரில் மோதியது. ஓட்டிய ஹரீஷ்குமார், அதே ஊர்க்காரன், அந்த இடத்திலேயே செத்துப்போனான். இருபத்தாறு வயது. வண்டியில் தக்காளி லோடு. ரோட்டில் எது தக்காளி, எது ரத்தம் என்று தெரியவில்லை என்றார்கள் பார்த்தவர்கள்.

விரிசல் விட்ட டிரம் எப்படி வெளியே போனது? கம்பெனியிடம் பதில் தயாராக இருந்தது. ஒரு பக்கக் கடிதம். கீழே அன்னமேரியின் கையெழுத்து.

பவளம் கம்பெனி ஆபீஸ் மேஜையில் இருந்த அந்தக் கடிதத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது. கிருஷ்ணகிரி கல்குவாரியில் ஜல்லி உடைத்து வளர்ந்து, போலீஸில் ஏட்டாக இருந்து, வேலையை விட்டு வந்தவள். இப்போது ஓசூர் பஸ் ஸ்டாண்டு எதிரே, பேட்டரிக் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். பக்கத்தில் நின்றிருந்த கிங்ஸ்டன் அவளுடைய உதவியாள். காலையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுப்பான். மதியத்துக்கு மேல் பவளத்தின் பைக்கை ஓட்டுவான். வாயை மட்டும் நாள் முழுக்க ஓட்டுவான்.

"படி" என்றாள்.

"நல்ல டிரம்முக்கு ஒரு ரேக்கு, கெட்டதுக்கு ஒரு ரேக்கு. ரெண்டுக்கும் மேல போர்டு இருக்குதாம். ஒண்ணுல பி-ஆர்-ஏ-கே-இ. அது வண்டிய நிறுத்துற பிரேக். நல்ல சரக்கு. இன்னொண்ணுல பி-ஆர்-இ-ஏ-கே. அது உடையுற பிரேக். விரிசல் உட்ட சரக்கு. 'இரண்டு சொற்களும் ஒன்றுபோல் இருந்ததால் குழம்பி, உடைந்த சரக்கு ரேக்கிலிருந்து முப்பத்தாறு டிரம்களை அனுப்பிவிட்டேன். தவறு என்னுடையது மட்டுமே.' இப்படிக்கு அன்னமேரி."

"தமிழ்லயா இருக்கு?"

"நான் தமிழ்ல சொல்றேன்க்கா. காயிதத்துல இங்கிலீஷ். தேடிப் பாத்துட்டேன், ஒரு தப்பு இல்ல. இங்கிலீஷ் தெரியாம தப்பு பண்ணிட்டேன்னு இவ்ளோ நல்ல இங்கிலீஷ்ல எழுதின மொதோ ஆளு இந்தம்மாதான்."

மேஜைக்கு அந்தப் பக்கம் பிரேம்குமார் சிரித்தார். குவாலிட்டி மேனேஜர். கசங்காத வெள்ளைச் சட்டை. பவளத்தைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவரே அவர்தான்.

"எழுதினது எங்க ஆபீஸ் மேடம். படிச்சுக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினோம். வெளியாள் ஒருத்தர் விசாரிச்ச ரிப்போர்ட்டும் வேணும்னு தலைமை ஆபீஸ்ல கேக்கறாங்க. நீங்க ஒரு தடவ பாத்து எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சது."

மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த சப்-இன்ஸ்பெக்டர் ராமப்பன் கடிகாரத்தைக் காட்டினார். "ஏட்டம்மா, உங்க மேல மரியாதை இருக்குது. ஆனா ரெண்டரைக்கு நான் கெளம்பிடுவேன். செத்தவன் சொந்தக்காரங்க ஸ்டேஷன் வாசல்லயே உக்காந்திருக்காங்க. யாரையாவது புடிங்கறாங்க."

"யாரையாவதா?"

ராமப்பன் டீயைப் பார்த்தார்.

"மீதி முப்பத்தஞ்சு டிரம்மு?" என்று கேட்டாள் பவளம்.

"டீலர் குடோன்லயே மடக்கியாச்சு. திரும்ப வந்துருச்சு" என்றார் பிரேம்குமார். பிறகு ஒரு படத்தை நகர்த்தி வைத்தார். பெரிய அளவில் அச்சடித்த போட்டோ. இரண்டு ரேக்குகள், மேலே இரண்டு போர்டுகள், உள்ளே வரிசையாக டிரம்கள். "லோடு போனதுக்கு முந்தின நாள் ஆடிட்டுக்காக நான் எடுத்தது. ஓரத்துல தேதி இருக்கு பாருங்க. அடுக்கினது அன்னமேரி. நான் எதையும் தொடலை."

"தொடலை" என்று பவளம் திருப்பிச் சொன்னாள். "எஸ்.ஐ. சார், கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டேன். ஏன்?"

"சும்மா."

*

முதலுதவி அறைக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள் அன்னமேரி. நாற்பத்து நாலு வயது. வலது உள்ளங்கை மட்டும் இடதைவிடத் தடித்துக் கறுத்திருந்தது. யார் பேசினாலும் தலையைச் சாய்த்து ஒரு காதைக் கொடுப்பது அவள் பழக்கமாக இருந்தது.

கேள்வி கேட்பதற்கு முன்பே பதில் வந்தது.

"ரெண்டு போர்டும் ஒரே மாதிரி இருந்துச்சிங்க. மாத்தி எடுத்துட்டேன். தப்பு என்னுதுதான்."

கிங்ஸ்டன் தன் வகுப்பு நோட்டீஸின் பின்பக்கத்தில் இரண்டு சொற்களையும் பெரிதாக எழுதி நீட்டினான். "இதுல நிறுத்தறது எது, உடையறது எது, சொல்லுங்க பாப்போம்."

அன்னமேரி காகிதத்தைப் பார்த்தாள். தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்று சந்தேகம் வந்து ஒருமுறை திருப்பினாள்.

"எனக்கு ரெண்டும் கோடுதான் சார். நாலாவதோட நின்னுட்டேன். தமிழு எழுதுவேன். இது தெரியாது."

கிங்ஸ்டன் பவளத்தின் பக்கம் திரும்பினான். குரலில் விளையாட்டு குறைந்திருந்தது.

"அக்கா, என் கிளாஸ் செவுத்துல ஒரு சார்ட்டு இருக்குது. அக்செப்ட்டு, எக்செப்ட்டு. தொலைக்கறதுக்கு ஒரு லூசு, தொளதொளன்னு இருக்கறதுக்கு ஒரு லூஸு. அமைதிக்கு ஒரு குவயட்டு, ரொம்பங்கறதுக்கு ஒரு குவைட்டு. நாப்பது ஜோடி. எட்டு வருசமா அத வெச்சித்தான் கஞ்சி குடிக்கறேன். அதுல குழம்பறவன் பூரா டிப்ளமோ, பி.காம்., பி.இ. இங்கிலீஷே தெரியாத ஆளு ஒருத்தர்கூட இதுவரைக்கும் குழம்பினதில்ல. குழம்பணும்னா பாதியாவது தெரிஞ்சிருக்கணும். இந்தம்மாவுக்கு எழுத்தே தெரியல. எதோட எதப் போட்டுக் குழப்பிக்குவாங்க?"

அன்னமேரியின் கை காகிதத்தைச் சுருட்டியது.

பவளம் கட்டிலில் அவளருகே உட்கார்ந்தாள். "அப்ப நல்லது கெட்டத எப்பிடிப் பிரிப்ப?"

"காதால."

அந்த ஒரு சொல் மட்டும் பயமில்லாமல் வந்தது. பிறகு அவளாகவே தொடர்ந்தாள். "சுத்தியல்ல ஒரு தட்டு. நல்ல சட்டின்னா ரீங்குனு ராகம் நிக்கும். விரிசல் இருந்தா டப்புனு விழுந்துரும். கண்ணுக்குத் தெரியாத விரிசலு காதுக்குத் தெரியும்." டிரம்மைத்தான் இங்கே எல்லோரும் சட்டி என்றார்கள்.

"ஒரு நாளைக்கு எத்தினி தட்டுவ?"

"அறுநூறு, எழுநூறு."

"எத்தன வருசமா?"

"பதினொண்ணு."

"பதினோரு வருசமா காதால பிரிச்சவ, அன்னிக்கி ஒரு நாளு மட்டும் போர்டப் பாத்தியா?"

அன்னமேரி சுருட்டிய காகிதத்தை இன்னும் இறுக்கினாள்.

கதவு திறந்தது. நீல ஏப்ரன் கட்டிய பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். பத்தொன்பது வயது இருக்கும். அதே சாய்ந்த தலை. "ம்மா, சாப்ட்டியா? டப்பாவ அப்பிடியே வெச்சிருக்கற."

அவள் தோளுக்குப் பின்னால் பிரேம்குமார் வந்து நின்றார். "ப்ரீதா, லைனுக்குப் போம்மா." குரல் தேனாக இருந்தது. பவளத்திடம் சொன்னார்: "இவங்க பொண்ணு. பேக்கிங்ல டிரெய்னி. நல்லா வேலை செய்யுது. பர்மனென்ட் லிஸ்ட்ல பேர் இருக்கு. இன்னிக்குச் சாயங்காலம்தான் லிஸ்ட்ட அனுப்பறேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். ப்ரீதாவும் போனாள்.

அன்னமேரி எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான்தான் மாத்திட்டேன் மேடம். எழுதிக் குடுத்தாச்சு இல்ல. இன்னும் எதுக்கு கெளறிக்கினு? போங்க."

*

ஒன்று ஐம்பது. லைனில் சுத்தியல் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. ரீங், ரீங், டப், ரீங்.

லைன் சூப்பர்வைசர் விமல்ராஜ் அவர்களுக்கு முன்னால் நடந்தான். கேட்டதற்கு மேல் ஒரு சொல் அதிகம் பேசவில்லை. வழியில் இருந்த அறிவிப்புப் பலகையில் கிங்ஸ்டன் சட்டென்று நின்றான். பவளத்தின் கையைப் பிடித்து இழுத்தான்.

"அக்கா! விமல்ராஜ் மாட்டினான். டீக்குப் பத்து நிமிசம் இடைவெளின்னு இங்கிலீஷ்ல எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கான் பாரு. டீ பிரேக்கு. ஆனா எந்த பிரேக்கு? வண்டியில மாட்டற பிரேக்கு! டீ குடிக்கச் சொல்லல, டீக்கு பிரேக் அடிக்கச் சொல்றான். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு இவன்தான். போர்டப் படிச்சுக் குழம்பி லோடு அனுப்பினது இவன். பழி அந்தம்மா மேல."

"கத்தாத" என்றாள் பவளம். விமல்ராஜைக் கூப்பிட்டாள். "தம்பி, சூப்பர்வைசர் ஆவறதுக்கு முன்ன என்ன வேலை?"

"இதே லைன்தான் மேடம். ஆறு வருசம் சுத்தியல் புடிச்சேன். அன்னமேரிக்காதான் கத்துக் குடுத்தாங்க."

பவளம் கிங்ஸ்டனைப் பார்த்தாள். "இவனுக்கும் காது இருக்குது. இவன் எதுக்குடா போர்டப் படிக்கப் போறான்?"

கிங்ஸ்டனின் முகம் சுருங்கியது. எட்டு வருட இங்கிலீஷ் எட்டு நொடியில் கவிழ்ந்த சோர்வு. "சரி. நான் ஓரமா உக்காந்துக்கறேன். மூள தேவப்பட்டா கூப்புடு" என்றான். பக்கத்தில் டிரம்கள் வரிசையாக இருந்தன. ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி, உட்கார வசதியாகத் தரையில் கவிழ்த்துப் போட்டான்.

சுத்தியல் சத்தம் நின்றது.

"போர்லிஞ்சொத்து!" என்று ஒரு கிழவர் தெலுங்கில் கத்தினார்.

"போரலு ஹாக்பேட்ரீ!" என்றாள் ஒரு கன்னடக்காரி, சுத்தியலை நீட்டியபடி.

"உல்டா நஹி, உல்டா நஹி!" இது லைன் கடைசியில் நின்ற ஒடிசாக்காரன்.

"கவுக்காதே சார்! யோவ், எந்திரி!" இது நான்கு தமிழர்கள்.

உட்கார்ந்த வேகத்திலேயே கிங்ஸ்டன் எழுந்தான். "நான் யாரையும் கொல பண்ணலீங்க! உக்காந்தேன், அவ்ளோதான்!"

விமல்ராஜ் ஓடிவந்து டிரம்மை நிமிர்த்தி வைத்தான். கட்டுப்படுத்த முடியாமல் சிரித்தும்விட்டான். "அது நல்ல சட்டி சார். நல்லதக் கவுக்கக் கூடாது."

"ஏன்?" என்று கேட்டாள் பவளம். மிக மெதுவாக.

"கவுத்தா செத்ததுன்னு அர்த்தம் மேடம். நிமிந்திருந்தா உசுரோட இருக்குது. இங்க அஞ்சு பாஷைக்காரங்க இருக்காங்க. ஒருத்தர் எழுத்து இன்னொருத்தருக்குத் தெரியாது. சாக்பீஸ்ல போட்டா எண்ணெயில அழிஞ்சிரும். அதனால தட்டினதும் கெட்டதக் கவுத்துருவோம். தூரத்துல கிரேன்ல இருக்கறவனுக்கும் தெரியும். யாரும் சொல்லித் தர்றதில்ல. வந்த மொதோ நாளே வந்துரும்."

"மேல இருக்கறவங்களுக்குத் தெரியுமா?"

"அவங்க எங்க மேடம் சட்டியத் தொடறாங்க? கணக்கு கம்ப்யூட்டர்ல போயிரும்."

பவளம் பையிலிருந்து போட்டோவை எடுத்தாள். கிங்ஸ்டன் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

நிறுத்துகிற பிரேக் என்ற போர்டுக்குக் கீழே இருபது டிரம்கள். எல்லாம் வாய் மேலே பார்த்து நிமிர்ந்திருந்தன. உடைகிற பிரேக் என்ற போர்டுக்குக் கீழே முப்பத்தாறு. அவையும் அத்தனையும் நிமிர்ந்திருந்தன. ஒன்றுகூடக் கவிழவில்லை.

கிங்ஸ்டன் விசில் அடிக்க வாயைக் குவித்து, அடிக்காமல் விட்டான். "இத அடுக்கினது அன்னமேரி இல்ல."

"அன்னமேரியும் இல்ல, இவனும் இல்ல, இந்த லைன்ல நிக்கற ஒருத்தரும் இல்ல. இங்க கை வெச்சு வேலையே செய்யாத ஆளு." பவளம் விமல்ராஜிடம் திரும்பினாள். "அந்த ரெண்டு போர்டும் எப்ப மாட்டினது?"

விமல்ராஜின் சிரிப்பு அணைந்தது. தரையைப் பார்த்தான். "எனக்கு ரெண்டு கொழந்தைங்க மேடம்" என்றான்.

அதுவே போதுமான பதில்.

*

இரண்டு மணி பத்து நிமிடம். பவளம் எல்லோரையும் ரேக்குக்கு முன்னால் வரவழைத்துவிட்டாள். பிரேம்குமார் மணியைப் பார்த்துக்கொண்டே வந்தார். ராமப்பன் தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். ஒரு பெண் போலீஸ் அன்னமேரியின் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

தரையில் நான்கு டிரம்கள் கிடந்தன. பவளமே பொறுக்கி எடுத்து வைத்தவை. இரண்டு நல்லவை. இரண்டு, குடோனிலிருந்து திரும்பி வந்த விரிசல் சரக்கு.

"சார், ரிப்போர்ட்டுக்கு இன்னொரு படம் வேணும்" என்றாள். "இடது பக்கம் இருக்கற ரெண்டும் நல்லது, வலது பக்கம் ரெண்டும் கெட்டது. எது எந்த ரேக்குன்னு நீங்களே வெச்சுக் காட்டிட்டீங்கன்னா, எழுதிட்டுக் கெளம்பிருவேன்."

"நானா?" பிரேம்குமார் சட்டையைப் பார்த்தார். பிறகு சிரித்து, கையுறை வாங்கி மாட்டிக்கொண்டார். "சரி, இதுல என்ன இருக்கு."

போர்டை ஒருமுறை படித்தார். நல்லவை இரண்டையும் ஒரு ரேக்கில் நிமிர்த்தி வைத்தார். கெட்டவை இரண்டையும் அடுத்த ரேக்கில் வைத்தார். அவற்றையும் நிமிர்த்தியே. ஓரங்களை விரலால் தள்ளி நேராக்கினார். போட்டோவில் இருந்த அதே ஒழுங்கு.

லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு சுத்தியலும் அசையவில்லை. கன்னடக்காரி வாயில் சேலையை வைத்துக்கொண்டாள்.

"நன்றி சார். கிங்ஸ்டன், நாலையும் எறக்கு. கலந்து வை."

இறக்கினான். முனகிக்கொண்டே. "இங்கிலீஷ் வாத்தியார் வேலையில இவ்ளோ எடை தூக்கற பாடம் இல்லக்கா."

பவளம் லைன் கடைசியைப் பார்த்து விரலை ஆட்டினாள். ஒடிசாக்காரன் தயங்கித் தயங்கி வந்தான். வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. பவளம் வாயே திறக்கவில்லை. டிரம்களைக் காட்டினாள், ரேக்கைக் காட்டினாள்.

அவன் தட்டினான். ரீங். நிமிர்த்தி வைத்தான். ரீங். நிமிர்த்தி வைத்தான். டப். தூக்கினான், கவிழ்த்தான். டப். கவிழ்த்தான். தலைக்கு மேல் இருந்த போர்டை ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டான்.

பவளம் போட்டோவை ராமப்பனிடம் கொடுத்தாள். "இந்த லைன்ல கெட்டத எல்லாரும் கவுத்துத்தான் வெப்பாங்க எஸ்.ஐ. சார்" என்றாள். அவர் ரேக்கைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி ரேக்கைப் பார்த்தார். அவருடைய தொப்பி தலைக்குப் போனது.

"சார்" என்றார் பிரேம்குமாரிடம். "அடுக்கினது அந்தம்மான்னு சொன்னீங்க. நான் தொடலைன்னு சொன்னீங்க."

பிரேம்குமார் கையுறையைக் கழற்றினார். ஒவ்வொரு விரலாக. அவசரமே படவில்லை.

"சரி. ஒத்துக்கறேன். படம் அப்புறமா எடுத்தது, தேதிய மாத்திப் போட்டது. போர்டும் அப்புறம் மாட்டினது. ரிப்போர்ட் தெளிவா இருக்கணுமேன்னு பண்ணினேன். அது தப்புதான்." குரல் உயரவே இல்லை. "ஆனா அதுக்காக சரக்க அனுப்பினது அவங்க இல்லைன்னு ஆயிடுமா? போர்டு இல்லைன்னா போகட்டும். வேற எப்படியோ மாத்திட்டாங்க. கையெழுத்து அவங்களுதுதானே? யாரும் கையப் புடிச்சுப் போடலையே?"

கிங்ஸ்டன் பவளத்தைப் பார்த்தான்.

ராமப்பன் மூச்சை விட்டார். "ஏட்டம்மா, அவரு சொல்றதும் நெசம். படம் பொய்யின்னா படம் மட்டும்தான் பொய்யி. கையெழுத்து நிக்குது. நான் கூட்டிக்கினுதான் போவணும்."

இரண்டு மணி இருபது.

பவளம் அன்னமேரியின் முன்னால் போய் நின்றாள். "என்னால உன்ன வெளிய எடுக்க முடியாது. கையெழுத்துப் போட்டவதான் எடுக்கணும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த முப்பத்தாறு சட்டியும் அன்னிக்கி எப்பிடி இருந்துச்சி?"

அன்னமேரி தூரத்தில் பேக்கிங் லைனைப் பார்த்தாள். ப்ரீதா கையில் அட்டைப்பெட்டியோடு அப்படியே நின்றிருந்தாள்.

"லிஸ்ட்டு இன்னும் என் டேபிள்லதான் இருக்கு அன்னமேரி" என்றார் பிரேம்குமார். அக்கறையோடு நினைவுபடுத்துகிற மாதிரி.

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்னமேரி தலையைச் சாய்த்து அவரைக் கேட்டாள். டிரம்மைக் கேட்பதுபோல. பிறகு பேசினாள்.

"கவுத்துத்தான் வெச்சேன்."

ராமப்பன் ஓரடி கிட்ட வந்தார்.

"முப்பத்தாறயும் ஒத்தொத்தையா தட்டி, ஒத்தொத்தையா கவுத்தேன். குழப்பமே இல்ல. அடுத்த நாளு காலையில லாரி வந்து நின்னுச்சி. லோடுக்கு முப்பத்தாறு கொறையுது. சார் வந்தாரு. கவுத்தது எதுக்குன்னு அவருக்குத் தெரியாது. எடத்த அடைக்குதுன்னு நெனச்சாரு. ஏத்துங்கன்னாரு. சார், இது செத்த சட்டின்னு சொன்னேன். ரொம்பச் சின்ன விரிசலு, ஒண்ணும் ஆவாது, இன்னிக்கி லோடு நின்னா உன் லைனையே நிறுத்திருவேன்னாரு. லோடு பசங்க தொடல. அவரே மொதோ சட்டியத் தூக்கி நிமித்தினாரு. அப்புறம் எல்லாரும் நிமித்தினாங்க."

"பொய்" என்றார் பிரேம்குமார். முதல்முறையாகக் குரல் உடைந்தது.

"நானு பாத்துக்கினு நின்னேன்" என்றாள் அன்னமேரி. அவரைப் பார்த்து அல்ல, பவளத்தைப் பார்த்து. "அதான் மேடம் கையெழுத்துப் போட்டேன். அந்தக் காயிதத்துல மாத்திப் படிச்சேன்னு எழுதியிருந்துதாம். நான் அதுக்குப் போடல. என் கண்ணு முன்னாடி ஏத்தினாங்க, நான் வாய மூடிக்கினு இருந்தேன். அதுக்குப் போட்டேன். அந்தப் பையன் செத்ததுக்கு யாராச்சும் உள்ள போவணும்தானே? புள்ள வேலையாவது நிக்கட்டும்னு நெனச்சேன்."

பவளத்துக்கு எத்தனையோ வாக்குமூலம் கேட்டுப் பழக்கம். இதற்குத் தலையாட்டக்கூட அவளால் முடியவில்லை.

ராமப்பன் அவளிடம் கேட்டார். "இத எழுதிக் குடுப்பியாம்மா? எழுதிட்டா பின்வாங்க முடியாது. உன்னையும் கேள்வி கேப்பாங்க, ஏன் அப்பவே சொல்லலன்னு."

"கேக்கட்டும்."

அவள் பெண் போலீஸின் கையை விலக்கிவிட்டு நேராகப் பேக்கிங் லைனுக்கு நடந்தாள். யாரும் தடுக்கவில்லை.

"ப்ரீதா. ஏப்ரனக் கழட்டு."

"ஏம்மா?"

"கழட்டுடி. அவரு கழட்டறதுக்கு முன்ன நாமளே கழட்டிப்புடலாம்."

ப்ரீதா ஒரு கணம் பிரேம்குமாரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். மீண்டும் கேட்கவில்லை. முதுகுப்பக்க முடிச்சை அவிழ்த்து, ஏப்ரனைப் பெட்டிகளுக்கு மேல் போட்டாள். உள்ளே போட்டிருந்த சுடிதாரில் அவள் இன்னும் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள்.

சங்கு ஊதியது. வீட்டுக்குப் போகவேண்டிய ஷிப்ட் போகவில்லை. கேட் பக்கம் ஒருவரும் நகரவில்லை.

"சார், ஸ்டேஷன் வரைக்கும் வரணும்" என்றார் ராமப்பன்.

"நான் என் கார்ல வந்துடறேன்" என்றார் பிரேம்குமார்.

"ஜீப்புலயே எடம் இருக்குது. உங்களுக்குன்னு காலி பண்ணின எடம்தான்."

அன்னமேரி ஒரு பெட்டியை மேஜையாக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிங்ஸ்டன் தாளும் பேனாவும் கொண்டுவந்தான். "நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். வேணும்னா இங்கிலீஷ்லயும் ஒண்ணு போட்டுத் தர்றேன். ஒரு சொல்லு மாறாம."

"வேணாம் சார். ஒரு தடவ அடுத்தவங்க எழுதினது போதும்."

நாலாம் வகுப்புக் கையெழுத்து. பேனாவைச் சுத்தியல் பிடிப்பதுபோல் பிடித்து எழுதினாள். அனுப்புநர் என்று எழுதி, பெயரையும் ஊரையும் போட்டாள். பெறுநர் என்று எழுதினாள். பிறகு ஒரு வரியை அழுத்தி, எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டே போனாள்.

ராமப்பன் குனிந்து படித்தார்.

"அம்மா, அங்க 'உயர்திரு காவல் ஆய்வாளர்'னு போடணும். நீ ஹரீஷ்குமார் அம்மா, காவேரிப்பட்டினம்னு எழுதியிருக்கற."

"தெரியும் சார்" என்றாள் அன்னமேரி, தலையை நிமிர்த்தாமல். "உங்களுக்கு அப்புறம் எழுதறேன்."